மோட்சத்தில் தேயிலை

கோவிலுக்குள் வைத்து ஒரு பெண் என்னை மடக்கிக் கேள்வி கேட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்திருந்தது. மாதா சுரூபத்துக்குப் பின்னால் சுவரை மறைத்துத் தொங்கிய வெள்ளைத் துணியைப் பங்குச் சுவாமி இழுத்துவிட்டார். ஐந்து வாரம் ஏணியில் நின்று நான் வரைந்த மோட்சம் வெளியே வந்தது. மேலே நீல வானம், சிறகு விரித்த நாலு சம்மனசுகள். கீழே அடுக்கடுக்காகப் பச்சை மலை, வரிசை வரிசையாகச் செடி, அதன் மேல் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூ.

முன் வாங்குகளில் இருந்த கிளாக்கர்மாரும் அவர்களுடைய பெண்சாதிகளும் "ஆ" என்றார்கள். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். பணிவு வந்ததால் அல்ல. அப்படித் தாழ்த்தினால் பணிவுபோலத் தெரியும் என்பதால்.

அப்போது பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்களின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மோட்சத்துலயும் கொழுந்துதானா ஐயா?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பாய் முழுக்கச் சிரித்தது. வாங்குகளில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். சுவாமி திரும்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக, நான் என்ன வரைந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

பத்தாம் நம்பர் மலை

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கங்களில் தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றியும் என் மூக்கின் திறமையைப் பற்றியும் எழுதியிருந்தேன். "ஓய்வுக்குப் பிறகு அந்த மூக்கை என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். என் மனைவியின் தோட்டத்துக்குள் நுழைத்தேன்.

ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் டீமேக்கராக இருந்தவன் நான். மலையிலிருந்து வரும் கொழுந்தை வாட்டி, உருட்டி, பதம் பார்த்து, காயவைத்துப் பெட்டியில் அடைக்கும்வரை என் பொறுப்பு. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலையின் மதிப்பு விழுந்தது. கூடவே என்னுடையதும் விழுந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என் கையைக் குலுக்கி, ஒரு மேசை மணிக்கூட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார். இனிமேல் நேரம் பார்க்கத் தேவையில்லாதவனுக்கு மணிக்கூடு கொடுப்பது ஏன் என்பதை நான் இன்றுவரை விளங்கிக்கொள்ளவில்லை.

மலை அடிவாரத்தில், கண்டிக்குப் போகும் பாதையோரம் ஒரு சிறிய வீடு வாங்கிக் குடிபோனோம். என் மனைவி செசிலிக்கு அந்த வீட்டில் பிடித்தது பின்பக்கத்து நிலம் மட்டும்தான். ஒரு மாதத்துக்குள் ரோசாவும் கனகாம்பரமும் புதினாவும் பாகற்கொடியும் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து வளரும்படி செய்துவிட்டாள். எனக்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. கயிறு பிடித்து, முளை அடித்து, எல்லாவற்றையும் பிடுங்கி, மூன்றடிக்கு ஒன்றாக வரிசையில் நட்டேன்.

செசிலி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"இது வீடுங்களா, பத்தாம் நம்பர் மலைங்களா?" தேயிலைத் தோட்டத்தில் மலைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.

"ஒழுங்கா இருந்தாத்தான் காத்தோட்டம் கெடைக்கும்."

"கொழுந்துக்குக் காத்தோட்டம் பாத்தது போதும். இது என் பாகக்கொடிங்க. அதுக்கு வரிச தெரியாது."

நான் கேட்கவில்லை. ரோசாச் செடிகளுக்கும் தேயிலைத் தோட்டத்து முறைப்படி கவ்வாத்து வெட்டினேன். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோம். அது மறுபடியும் துளிர்க்கும். ரோசாக்களுக்கு அந்த விதி தெரிந்திருக்கவில்லை. பதினொரு செடியில் ஒன்பது செத்துப்போயின. மிஞ்சிய இரண்டும் செசிலி என் கத்தியை ஒளித்துவைத்ததால் பிழைத்தவை.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

கொடி கட்டிய மரம்

நாலாம் நாள், ஏதாவது செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு வேலியோரத்து மரத்தை வெட்டப் போனேன். கூரை உயரத்துக்கு வளர்ந்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்த மரம் அது. என்ன மரமென்று நான் பார்க்கவில்லை. வாளை வைத்த பிறகுதான் இலையைப் பார்த்தேன்.

தேயிலை. யாரோ எப்போதோ நட்டு, யாரும் கவ்வாத்து வெட்டாமல் விட்டதால் தன் பாட்டில் மரமாகிவிட்ட தேயிலை.

"அதத் தொடாதீங்க. துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கேன்" என்று செசிலி கத்தினாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. நான் வாளைக் கீழே போட்டேன்.

போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். மரம் முழுக்கப் பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தூள் அள்ளிவைத்ததுபோல ஒரு கொத்து. லேசான வாசனை, என் மூக்குக்கே கொஞ்சம் நின்று பிடிக்க வேண்டிய வாசனை. முப்பது வருடம் தேயிலையோடு படுத்து எழுந்தவன் நான். தேயிலை பூப்பது எனக்குத் தெரியாததல்ல. கொழுந்தோடு பூ கலந்து வந்தால் அது குப்பை என்பதும், குப்பையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் நன்றாகவே தெரியும். ஒரு பூவைக் கையில் வைத்துப் பார்த்தது மட்டும் கிடையாது.

உள்ளே போய் ஒரு பென்சிலும், தேயிலைப் பெட்டியிலிருந்து கழற்றிய பலகைத் துண்டும் எடுத்துவந்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.

சித்திரம் எனக்குப் புதிதல்ல. அப்பா நாவலப்பிட்டி ரயில்வேயில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் நான் ஓரளவு வரைவேன் என்று பெயர் இருந்தது. ஒரு விடுமுறையில் எஞ்சின் கொட்டகைச் சுவரில் கரியால் ஓர் எஞ்சினை, புகையோடும் சக்கரத்தோடும், ஆள் உயரத்துக்கு வரைந்தேன். அப்பா வந்து நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு வாளியும் தேங்காய்த் தும்பும் கொடுத்து, சுவர் வெள்ளையாகும்வரை என்னைத் தேய்க்க வைத்தார். பாராட்டும் தண்டனையும் ஒரே ஆளிடமிருந்து ஒரே மூச்சில் கிடைத்தால் பிள்ளைக்குக் குழப்பம் வரும். குழப்பத்தைவிடத் தேயிலை நல்லது என்று முடிவு செய்தேன்போல இருக்கிறது. அதற்குப் பிறகு நாற்பது வருடம் கோடு கிழித்ததெல்லாம் பெட்டிக்கு நம்பர் போடத்தான்.

அன்று நான் வரைந்த பூ, பொரித்த முட்டைபோல இருந்தது. செசிலி எட்டிப் பார்த்து, "முட்ட நல்லா இருக்கு" என்றாள். மறுநாளும் வரைந்தேன். ஒரு மாதத்தில் முட்டை பூவாகியது. அந்த ஒரு மாதமும் நான் தோட்டத்தில் கை வைக்கவில்லை. பாகற்கொடி வேலியைத் தாண்டி, மிஞ்சிய இரண்டு ரோசாக்களின் மேல் ஏறி, என் முளைகளை மூடிவிட்டது. அதையும் வரைந்தேன். வரைவதற்கு வரிசையைவிட அலங்கோலம் நன்றாக இருந்தது. இதைச் செசிலியிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிழை பிடிக்க ஆளில்லை

தோட்ட எல்லையில் இருந்த எங்கள் சின்னக் கோவிலுக்கு அப்போது யாழ்ப்பாணத்துச் சுவாமி ஒருவர் இருந்தார். என் பலகைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார்.

"டீமேக்கர், மாதாவுக்குப் பின்னால இருக்கிற சுவர் மழைத் தண்ணி இறங்கி அலங்கோலமாக் கிடக்குது. வெள்ளை அடிச்சாலும் நிக்குதில்லை. நீங்கள் ஏதும் வரைஞ்சு மறைச்சு விடுங்கோ."

"என்ன வரையறது சுவாமி?"

"மாதாவுக்குப் பின்னால வேறென்ன? மோட்சம்தான்."

"நான் மோட்சத்தப் பாத்ததில்லையே."

"நானும் பார்க்கேல்லை. அதாலதான் பிழை பிடிக்க ஆளில்லை எண்டு சொல்லுறன்."

வர்ணம் வாங்கக் கெலிஓயாவுக்குப் போனேன். அங்கே காதர் நானா என் பழைய சிநேகிதர். ஆணி, கயிறு, வர்ணப்பொடி எல்லாம் விற்பவர். நான் பச்சையை அள்ளி அள்ளி நிறுக்கச் சொன்னதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எனத்துக்கு டீமேக்கர் இவ்வளவு பச்ச? ஊட்டுக் கதவெல்லாம் அடிக்கப் போறீங்களா?"

"மோட்சம் வரையப் போறேன் நானா."

"அப்ப இது காணாது" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

இவ்வளவும் சொன்னது, அந்த ஞாயிற்றுக்கிழமை என் தலை ஏன் அப்படித் தாழ்ந்தது என்று விளங்குவதற்காகத்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் சித்திரக்காரன் ஆகிவிட்டான். தேயிலைப் பூவை மோட்சத்துக்கே ஏற்றிவிட்டான். ஊர் பார்க்கட்டும் என்று நின்றான். ஊர் பார்த்துச் சிரித்தது.

சவரியம்மாவின் கூடை

கோவிலில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் சவரியம்மா. ஹந்தானை லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவள், என்னைவிட நாலைந்து வயது குறைந்தவள். அன்று கோவில் வாசலில் அவளை நிறுத்தினேன். கோபத்தோடுதான் நிறுத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"சவரியம்மா, அது கொழுந்து இல்ல. பூ. பூவப் பாக்கலயா?"

"பாத்தேங்க ஐயா. பூவுக்குக் கீழ வரிச வரிசயா வெட்டிவிட்ட செடி. வெயிலு, மழ, அட்டக்கடி, எல்லாம் தாண்டி மேல போயி சேந்தா, அங்கயும் கூடயத் தூக்கிக்கிட்டு எந்த வரிசயில நிக்கணும்னு யோசிச்சேன்."

"மோட்சத்துல யாரு உன்ன வேல செய்யச் சொல்லப்போறா?"

"செடின்னு ஒண்ணு இருந்தா, பறிக்கச் சொல்ல ஒருத்தரு இருப்பாருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பூவச் சொன்னீங்க. ஒரு வருசம் என் கூடயில நாலு பூ கெடந்துச்சுன்னு, கொழுந்து நிறுக்குற மடுவத்துல அத்தன பேருக்கு முன்னால கொட்டவச்சீங்க. அன்னைக்கு எனக்கு அரப்பேருதான். இன்னைக்கு அதே பூவ மாதா காலடியில வச்சிருக்கீங்க. நல்லதுங்க. பூவுக்காவது காலம் வந்துச்சு."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அரைப்பேர் என்றால் பாதி நாள் உழைப்புக்குக் கூலி இல்லையென்று போவது. அந்தச் சம்பவம் எனக்கு நினைவில்லை. எத்தனையோ கூடைகள். அவளுக்கு ஒரே கூடை.

வீட்டுக்கு வந்து செசிலியிடம் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் பிழை.

"நீங்க வரைஞ்சப்பவே நெனச்சேன். பத்தாம் நம்பர் மலைய அங்க கொண்டுபோயி வச்சிட்டீங்களேன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"ரோசாவுக்குச் சொன்னப்போ கேட்டீங்களா?"

துரையின் பாராட்டு

அந்த வாரமே துரை கோவிலுக்கு வந்தார். நிலம் தோட்டத்துடையது என்பதால் வருடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"டீமேக்கர்! மோட்சத்திலே தேயிலை! ரொம்ப நல்லது! கவ்வாத்து கூட சரியா செஞ்சிருக்கு!"

அந்தப் பாராட்டு ஒன்று போதும், சவரியம்மா சொன்னது சரி என்பதற்கு. துரை மேலும் மகிழ்ந்து, ஒழுகும் கூரைக்குத் தகரம் அனுப்புவதாகச் சுவாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுவாமியிடம், தேயிலையை அழிக்கப்போகிறேன் என்றேன். அவர் தாடியைத் தடவினார்.

"அழிச்சால் தகரம் வராது, டீமேக்கர். தகரம் வராட்டில் மழை வரும். மழை வந்தால் உங்கட மோட்சம் எப்பிடியும் அழியும்."

"சவரியம்மா சொன்னதக் கேட்டீங்கதானே, சுவாமி?"

"கேட்டனான். இரண்டு நாளாப் பிரசங்கம் எழுத முடியேல்லை. அதைவிட நல்லதா எனக்கு ஒண்டும் வருகுதில்லை."

இரண்டு நாள் கொல்லையில் உட்கார்ந்து யோசித்தேன். செசிலி எனக்குமேலே தேயிலை மரத்துக் கொடியில் ஈரத்துணி காயப்போட்டாள். சொட்டுத் தண்ணீர் தலையில் விழுந்தபோது அண்ணாந்தேன். விடை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நான்தான் கவ்வாத்து வெட்டிய கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஏணியில் ஏறினேன். வரிசைகளை அழித்து, ஒவ்வொரு செடியையும் மரமாக்கினேன். பலா உயரத்துக்கு, தண்டு கோணி, கிளை விரிந்து, யார் கைக்கும் எட்டாத தேயிலை. அடியில் நிழல். நிழலில் பெண்கள், சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், கால் நீட்டியிருப்பவர்கள். கூடை ஒன்றும் வரையவில்லை. இந்தத் தடவை ஏழு வாரம் எடுத்தது. முழங்கால் வீங்கிவிட்டது.

கூரைக்கு அளவு பார்க்கத் துரை மறுபடி வந்தார். மரங்களை வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன மரம், ஃபாதர்?"

"மோட்சத்து மரம், துரை" என்றார் சுவாமி, கண் இமைக்காமல்.

இருபத்தைந்து வருடம் தேயிலையால் வாழ்ந்த மனிதர் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வாளை வைக்கும்வரை எனக்கும் தெரியவில்லை. தகரம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சவரியம்மா சுவரின் முன் நின்றாள். தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். நானும்தான்.

"ஒசரமா இருக்குங்க ஐயா" என்றாள். "ஏணி வச்சுப் பறிக்கச் சொல்லுவாங்க."

இந்தத் தடவை நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தும் அவள் போகாமல் நின்றாள்.

ஒரு முகம்

"ஐயா, மொகம் வரைவீங்களா?"

"யாரு மொகம்?"

"எம் மவ. லூர்து. ஐயாகிட்டத்தான் நாலு வருசம் வேல செஞ்சா, இஸ்டோர்ல, குச்சி பொறுக்குற எடத்துல. காய்ச்சல்ல போயிட்டா. படம் ஒண்ணும் புடிக்கல. எனக்கு வயசாகுது. மொகம் கொஞ்சங் கொஞ்சமா மறக்குது. அந்த மரத்தடியில ஒரு ஓரத்துல குந்தவச்சீங்கன்னா…"

நாலு வருடம். தொழிற்சாலையில் தினமும் காலையில் நான் கடந்துபோகும் நீண்ட மேசை. தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கும் பன்னிரண்டு பெண்கள். கண்ணை மூடி அந்த மேசையைக் கொண்டுவந்தேன். தூளின் நிறம் வந்தது. அந்த வருடத்துத் தேயிலையின் வாசனைகூட வந்தது, அருமையான தேயிலை. பன்னிரண்டு தலைத்துணிகள் வந்தன. ஒரு முகமும் வரவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்கு ஞாபகம் இல்ல, சவரியம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஐயா கொழுந்தத்தானே பாத்தீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அன்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

செசிலிதான் பக்கத்தில் வந்து, "நாளைக்கு வீட்டுக்கு வாங்க, சவரியம்மா. அவ எப்படி இருந்தான்னு சொல்லுங்க, இவரு வரைவாரு" என்றாள்.

அடுத்த நாள் சவரியம்மா வேலை முடித்துவந்து விறாந்தைப் படியில் உட்கார்ந்தாள். செசிலி உள்ளேயிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்தாள்.

"இதுல உக்காருங்க."

"ஐயா ஊட்டுக் கதிரயிலயா? வேணாங்கம்மா."

"அவருக்குக் கீழ குனிஞ்சா கழுத்து வலிக்கும். மொகம் ஒசரத்துல இருந்தாத்தான் வரைய முடியும்."

சவரியம்மா நுனியில் உட்கார்ந்தாள். மகளுடைய மூக்கு தன் மூக்குதான் என்றாள். நெற்றி அவள் அப்பனுடையது, கொஞ்சம் அகலம். சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழியும். நான் கேட்டுக்கொண்டே அவள் மூக்கைப் பார்த்து வரைந்தேன். இருபது வருடத்துக்கு மேல் அறிந்த பெண். அந்த மூக்கு அப்படி வளைந்திருப்பதையும், புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு தரம் வந்தாள். பலகையில் எத்தனை முகம் வரைந்தேன் என்று தெரியாது. "கண்ணு இன்னும் பெருசு", "இது பெரிய மனுசி, எம் மவ சின்னவ", "வாயி இப்புடி இல்ல." சில நாள் எதுவும் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டு, செசிலியோடு பாகற்கொடியைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். ஒரு நாள் தலையை ஆட்டினாள். சரி என்றா, போதும் என்றா தெரியவில்லை. நான் அந்த முகத்தைக் கொண்டுபோய் மரத்தடியில், பெண்களின் நடுவில் வைத்தேன். ஓரத்தில் அல்ல.

அவள் தனியாக வந்து பார்த்தாள். கோவிலில் அவளும் நானும் செசிலியும் மட்டும். சவரியம்மா மெழுகுதிரி ஒன்றை எடுத்து, சுவருக்குக் கிட்டே பிடித்து, நெடுநேரம் பார்த்தாள். திரி அவள் விரலுக்கு மேல் உருகி வழிந்தது.

"இது அவ இல்லீங்க ஐயா" என்றாள்.

அழித்துவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"வேணாம்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "யாரு பெத்த புள்ளயோ. குந்தியிருக்கா, இருக்கட்டும்."

மெழுகுதிரியை அந்த முகத்துக்கு நேர் கீழே தரையில் நட்டுவிட்டு, செசிலியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.